கேள்வி – பதில்: அப்பா ஓட்டிய ஃபெரட், மாமாவின் செஞ்சூரியன்

கவசப்படையில் இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கேள்வி அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்தவற்றில் சில இங்கே.

என் அப்பா 1960-களில் ரெக்கே (வேவு) ரெஜிமெண்டில் ஃபெரட் என்ற சிறிய கவச வண்டி ஓட்டியவர். இப்போதும் இடது முழங்காலைத் தடவிக்கொண்டு, "கிளட்ச் உதைத்த கால் இது" என்பார். கிளட்ச் எப்படி உதைக்கும்? – வாசகி, செந்தூல்

உதைக்கும், அப்பா கூட்டிச் சொல்லவில்லை. ஆனால் அவர் காலடியில் இருந்தது கிளட்ச் இல்லை. அந்த இடத்தில் இருக்கும் கியர் மாற்றும் பெடல் அது.

ஃபெரட்டில் இருப்பது வில்சன் வகை முன்தேர்வு கியர்பெட்டி. அடுத்து எந்த கியர் வேண்டுமோ அதற்கு லீவரை முன்கூட்டியே நகர்த்தி வைக்கலாம். அப்போது எதுவும் நடக்காது. இடது பெடலைத் தரைவரை மிதித்து விட்ட பிறகுதான் கியர் மாறும். பெட்டிக்குள், உச்ச கியர் தவிர, ஒவ்வொரு கியருக்கும் ஒரு பிரேக் பட்டை உண்டு. பெடலை மிதிக்கும்போது கனமான ஸ்பிரிங் ஒன்று அமுங்குகிறது. காலை எடுத்ததும் அந்த ஸ்பிரிங், தேர்ந்தெடுத்த கியரின் பட்டையை இறுக்கிப் பிடிக்கிறது.

சிக்கல் வருவது மூன்று வழியில். பெடலை முழுக்க மிதிக்காமல் பாதியில் விடுவது. பெடல் மேலே வரும் நேரத்தில் லீவரை நகர்த்துவது. பட்டை தேய்ந்து அட்ஜஸ்ட்மெண்ட் விட்டுப்போவது. இவற்றில் எது நடந்தாலும் ஸ்பிரிங்குக்குப் பிடித்து நிறுத்த ஒன்றும் கிடைக்காது. அதன் முழு விசையும் பெடலுக்கு வந்து, பெடல் வழக்கமான உயரத்தையும் தாண்டி எகிறும். முழங்காலும் கணுக்காலும் அடிபடுவது அப்போதுதான். எகிறிய பெடலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர, முதுகை இருக்கையில் முட்டுக்கொடுத்து இரண்டு காலாலும் மிதிக்க வேண்டும். அப்பாவிடம் அதைக் கேட்டுப் பாருங்கள், உடனே செய்து காட்டுவார்.

நல்ல ஓட்டுநர்கள் கடைப்பிடித்தது இவ்வளவுதான்: சமதளத்தில் இரண்டாவது கியரில் கிளம்பு, முதல் கியர் மேட்டுக்கு மட்டும், பெடலை ஒரே மிதியாகத் தரைவரை மிதி, ஒரே சீராக விடு, ஓடும்போது காலைப் பெடல்மேல் வைத்துக்கொண்டிருக்காதே, நின்றால் நியூட்ரல். கடைசி விதியைப் பலர் மறப்பார்கள். எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே எண்ணெய் நிரம்பிய ஃபுளூயிட் ஃபிளைவீல் இருப்பதால், கியரில் போட்டு நின்றாலும் எஞ்சின் அணையாது. அதனால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். உள்ளே எண்ணெய் சூடேறிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு விஷயமும் அவரிடம் கேளுங்கள். ஃபெரட்டுக்கு முன்னால் ஐந்து கியர், பின்னால் போகவும் அதே ஐந்து கியர். முன், பின் என்று மாற்றத் தனி லீவர்; வண்டி நின்ற பிறகே அதைத் தொட வேண்டும். பிரேசர் மலைக்கு ஏறும் கேப் சாலை போன்ற ஒடுங்கிய பாதையில் எதிரி பதுங்கியிருந்து சுட்டால் வண்டியைத் திருப்ப இடமிருக்காது. முகத்தை எதிரிப் பக்கமே வைத்து, வந்த வேகத்தில் பின்வாங்குவதற்கான ஏற்பாடு அது. ஓட்டுநருக்குப் பின்பக்கம் சரியாகத் தெரியாது. மேலே நிற்கும் கமாண்டர் "இடது, இடது, நேர்" என்று சொல்லச் சொல்லத்தான் ஓட்ட வேண்டும். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் வண்டி கால்வாயில்தான்.

அதே ஃபெரட்டை நல்ல தார்ச்சாலையில் ஓட்டும்போது, நடுநடுவே ஒரு சக்கரத்தைச் சாலையோரக் கல்மேல் ஏற்றி இறக்குவார்களாம். விளையாட்டா? – வாசகர், பட்டர்வொர்த்

விளையாட்டில்லை, பராமரிப்பு. ஃபெரட்டில் இடது முன்சக்கரமும் இடது பின்சக்கரமும் ஒரே ஷாஃப்ட் வழியில் பிணைந்தவை. வலது பக்கமும் அப்படியே. வளைவில் திரும்பும்போது முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட நீண்ட வட்டம் போடும். இரண்டையும் ஒரே வேகத்தில் சுற்றச் சொன்னால் வித்தியாசம் எங்கே போகும்? மண்சாலையில் டயர் கொஞ்சம் வழுக்கி அதைத் தீர்த்துவிடும். தாரில் வழுக்காது. முறுக்கு ஷாஃப்டிலும் இணைப்புகளிலும் சேர்ந்துகொண்டே போகும். ஒரு சக்கரம் ஒரு நொடி தரையை விட்டு எழும்பினால் முறுக்கு அவிழும். கல்மேல் ஏற்றுவது அதற்காகத்தான்.

ஒரே பக்கத்தில் புது டயர் ஒன்று, தேய்ந்த டயர் ஒன்று போட்டால் வளைவே தேவையில்லை, நேர்ச்சாலையிலேயே முறுக்கு ஏறும். டயரை மாற்றினால் அந்தப் பக்கத்து இரண்டையும் மாற்ற வேண்டும், காற்றழுத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓடி நின்றதும் ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகே கையை வைத்துப் பார்ப்பார்கள். மற்றதைவிட ஒன்று அதிகம் சுட்டால் அந்தப் பக்கம் எண்ணெய் குறைந்திருக்கும் அல்லது முறுக்கு ஏறியிருக்கும். சலடின், சரசென் என்ற பெரிய கவச வண்டிகளிலும் இதே தொல்லை, சக்கரம் ஆறு என்பதால் கூடுதலாகவே.

சிலிம் ரிவரில் 1942-இல் ஜப்பானிய டாங்கிகள் வந்தபோது பிரிட்டிஷ்காரர்களிடம் ஒரு டாங்கிகூட இல்லையா? – வாசகர், கோலாலம்பூர்

மலாயா நிலப்பகுதியில் இல்லை. இந்தக் காட்டு நாட்டில் டாங்கி ஓட்ட முடியாது என்ற எண்ணம்தான் காரணம். ஆனால் டாங்கி காட்டுக்குள் வரவில்லை, பிரிட்டிஷ்காரர்களே போட்ட நல்ல சாலையில் வந்தது. 1942 ஜனவரி 7 விடியுமுன் நிலா வெளிச்சத்தில் துரோலாக் பக்கத்திலிருந்து கிளம்பிய வண்டிகள், வரிசையாக நின்ற இந்திய, ஸ்காட்லாந்துப் படைகளை ஊடுருவி சிலிம் ரிவர் பாலத்தை உடையாமலே பிடித்தன. சாலையை நேராக்கியபோது கைவிட்ட பழைய வளைவுகள் ரப்பர் மரங்களுக்கு நடுவே அப்படியே கிடந்தன. முன்பக்கம் தடை வந்ததும் டாங்கிகள் அவற்றில் நுழைந்து பின்னால் வந்துவிட்டன. பாலத்தைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் 4.5 அங்குல ஹவிட்சர் பீரங்கி ஒன்று நேருக்கு நேர் சுட்டுத்தான் முன்வண்டியை நிறுத்தியது. நான்கு நாளில், ஜனவரி 11-இல், கோலாலம்பூர் விழுந்தது.

அந்த டாங்கிகள் அசைக்க முடியாதவை என்று நினைக்க வேண்டாம். அவற்றில் 95 வகை இலகு டாங்கிகளின் கவசம் 12 மில்லிமீட்டர்தான். 2 பவுண்டர் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிக்கு அது பொருட்டே இல்லை. பீரங்கியும் கண்ணிவெடியும் போதுமான அளவில் சரியான இடத்தில் இல்லை என்பதுதான் குறை.

என் சித்தப்பா ஸ்கார்ப்பியன் டாங்கியில் இருந்தவர். செம்பனைத் தோட்டத்தில் சங்கிலி கழன்றால் ஒரு பொழுது போய்விடும் என்கிறார். ஏன் கழலுகிறது, எப்படி மாட்டுவார்கள்? – வாசகர், புக்கிட் மெர்த்தாஜாம்

ஸ்கார்ப்பியன் சுமார் 8 டன், உடல் அலுமினியம். தரையில் அது கொடுக்கும் அழுத்தம் குறைவு என்பதால் சேற்றில் எளிதில் புதையாது. அந்தத் துணிச்சலில் போகக்கூடாத இடத்துக்கும் போவார்கள்! சங்கிலி கழலக் காரணங்கள்: தொய்வு அதிகமாக இருப்பது, சரிவில் குறுக்காகப் போகும்போது சட்டென்று திருப்புவது, பின்னால் போய்க்கொண்டே வளைப்பது, ஓலைமட்டையும் கட்டையும் பல்சக்கரத்துக்கும் சங்கிலிக்கும் நடுவே திணிந்துகொள்வது. செம்பனைத் தோட்டத்தில் கடைசிக் காரணம்தான் முதலிடம். வெட்டிப்போட்ட மட்டைகளை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். அதன்மேல் வளைக்கவே கூடாது.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். "இன்னும் கொஞ்சம், மேட்டுக்குப் போய் நிறுத்தலாம்" என்று ஓட்டினால் சங்கிலி சுருண்டு பல்சக்கரத்தில் இறுகிக்கொள்ளும். பிறகு வெட்டி எடுக்க வேண்டியதுதான். நிறுத்திய பின் முதலில் மண்ணையும் மட்டையையும் தோண்டி எடுப்பது. அடுத்து சங்கிலியின் இறுக்கத்தைத் தளர்த்துவது. கிரீஸ் அழுத்தத்தால் பின்சக்கரத்தைத் தள்ளி இறுக்கும் அமைப்பு இது. வடிகால் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறக்க வேண்டும், முகத்தை அதற்கு நேரே வைக்கக்கூடாது. அழுத்தத்தில் சீறும் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போகும்; சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

பிறகு கண்ணிகளை இணைக்கும் ஒரு முளையைத் தட்டி எடுத்துச் சங்கிலியைப் பிரித்து, நேராகத் தரையில் விரித்து, வண்டியை மெல்ல நகர்த்தி அதன்மேல் ஏற்றுவார்கள். நுனியில் கயிறு கட்டி, பல்சக்கரத்தின் சுழற்சியாலேயே மேலே இழுத்து, இரு முனைகளையும் இழுப்புக் கொக்கியால் நெருக்கி, முளையை அடித்து, கிரீஸ் ஏற்றி இறுக்குவார்கள். சைகை காட்டுவது ஒரே ஆள். ஓட்டுநர் அவர் கையைத் தவிர வேறு யார் சத்தத்தையும் கேட்கக்கூடாது. முளைத் துளை நேராக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பதால் போன விரல்கள் உண்டு. அதற்குக் கம்பி இருக்கிறது.

கவசப்படைக்கு ஏன் கறுப்பு பெரே தொப்பி? – மாணவி, கிள்ளான்

எண்ணெய்க் கறை தெரியாது. விளிம்பு இல்லாததால் பார்வைக்கண்ணாடியில் கண்ணை ஒட்டிவைக்க முடியும். பிரிட்டிஷ் டாங்கிப் படைக்கு 1924-இல் அனுமதி கிடைத்தது. மலேசியா, இந்தியா உட்படப் பல நாடுகள் அதைப் பின்பற்றின.

வேலூர்ப் பக்கம் இருக்கும் என் தாய்மாமா இந்திய ராணுவத்தில் 16-வது குதிரைப்படையில் இருந்தார். 1965 போரில் கரும்புக் காட்டில் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் சேற்றில் சிக்கியதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறார். உண்மையா? – வாசகி, ஜோர்ஜ் டவுன்

16-வது இலகு குதிரைப்படை தென்னிந்தியர்களின் படைப்பிரிவு. 1776-லிருந்து வரலாறு சொல்வது. 1965-இல் அது செஞ்சூரியன் டாங்கிகளோடு போரிட்டது சியால்கோட் பகுதியில், பில்லோராவைச் சுற்றி. நீர் பாய்ச்சிய கரும்பு வயலில் பேட்டன்கள் மாட்டிக்கொண்டது அசல் உத்தரில், கேம்கரண் பகுதி. அங்கே இந்தியத் தரப்பில் இருந்தவை 3-வது குதிரைப்படையின் செஞ்சூரியன், டெக்கான் ஹார்ஸின் ஷெர்மன், 8-வது குதிரைப்படையின் இலகுவான ஏஎம்எக்ஸ்-13.

மாமா பொய் சொல்கிறார் என்று இதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். போர் முடிந்த பின் பிடிபட்ட பேட்டன்களைப் பார்த்தவர்கள் ஏராளம். கேட்டதும் பார்த்ததும் அறுபது வருடத்தில் ஒன்றாகிவிடும். அவரிடம் கரும்பைப் பற்றிக் கேட்காமல் செஞ்சூரியனுக்குள் அவர் உட்கார்ந்த இடத்தைக் கேளுங்கள். குண்டு போடுபவராக இருந்தால் 20 பவுண்டர் பீரங்கியின் குண்டு எவ்வளவு கனம், வெற்றுறை எந்தப் பக்கம் விழும் என்பதெல்லாம் கை அசைவோடு வரும்.

தாத்தாவின் பதக்கம் ஒன்று கிடைத்திருக்கிறது. ஊதா நாடா, நடுவில் பச்சைக் கோடு, "மலாயா" என்று பட்டை. தேய்த்துப் பளபளப்பாக்கலாமா? – வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

வேண்டாம், தேய்க்கவே வேண்டாம். அது மலாயா அவசரகாலத்துப் (கம்யூனிஸ்ட் கிளர்ச்சி நடந்த 1948–60) பொதுச் சேவைப் பதக்கம். அதன் விளிம்பில்தான் எண், பதவி, பெயர், படைப்பிரிவின் சுருக்கெழுத்து எல்லாம் இருக்கும். பாலிஷ் போட்டுப் போட்டு அந்த எழுத்தே போன பதக்கங்கள் நிறைய. பக்கவாட்டில் விளக்கு வெளிச்சம் விழும்படி வைத்து, சுற்றிச் சுற்றிப் படம் எடுங்கள். போலிஸ்காரர்களுக்கும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களுக்கும் இதே பதக்கம் கொடுத்தார்கள். தாத்தா ராணுவமா போலிஸா என்பதை விளிம்பு சொல்லிவிடும். நாடா கிழிந்திருந்தால் கழற்றி உறையில் போட்டு வைத்து, புது நாடா மாட்டுங்கள்.

அப்பாவின் நினைவுகளைப் பதிவு செய்ய ஆசை. கேட்டால் "என்னத்தைச் சொல்ல" என்று முடித்துவிடுகிறார். – வாசகர், பினாங்கு

கேள்வி பெரிதாக இருக்கிறது. "ஆர்மி எப்படி இருந்தது" என்றால் யாருக்கும் பதில் வராது. ஒரு தாளில் வண்டியின் உட்புறத்தை வரையச் சொல்லுங்கள்: யார் எங்கே, தண்ணீர் கேன் எங்கே, ரேடியோ எங்கே, தூங்கியது எங்கே. பத்து நிமிடத்தில் அவரே உங்களைத் திருத்த ஆரம்பித்துவிடுவார். வண்டியின் எண், ரேடியோவில் கூப்பிட்ட அடையாளப் பெயர், காலையில் முதலில் என்ன சோதித்தார்கள், மழையில் எது கெட்டுப்போகும் – இவையெல்லாம் நல்ல கேள்விகள்.

எஞ்சினும் பீரங்கியும் காதைத் தின்றிருக்கும். உயர்ந்த சுருதி ஒலிகள்தான் முதலில் போகும். ஃபேனை அணைத்துவிட்டு, முகத்துக்கு நேரே உட்கார்ந்து, கத்தாமல் தாழ்ந்த குரலில் நிதானமாகப் பேசுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். போனை மேசையில் ஒரு துணிமேல் வைத்துப் பதியுங்கள். பழைய படங்களின் பின்புறத்தில் பேனாவால் எழுதாதீர்கள், மை ஊறும்; மென்மையான பென்சில் போதும். 600 டிபிஐ-இல் ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து.

டாங்கி என்றால் நான்கு பேர் என்கிறார் அங்கிள். நம் நாட்டு பெண்டெக்காரில் மூன்று பேர்தானாமே? – மாணவர், செராஸ்

மூன்றுதான். பெண்டெக்கார் என்று நாம் அழைக்கும், போலந்திலிருந்து வாங்கிய 48 பிடி-91எம் டாங்கிகளில் குண்டு போடும் ஆளுக்குப் பதில் இயந்திரம். 125 மில்லிமீட்டர் பீரங்கிக்குக் கீழே சுழலும் தட்டில் 22 குண்டுகள். குண்டையும் வெடிமருந்தையும் இயந்திரம் தனித்தனியாகப் பீரங்கிக்குள் தள்ளும். ஒரு ஆளின் இடம் மிச்சம், டாங்கியும் தாழ்வாக அமைகிறது. சங்கிலி கழன்றால் மட்டும் நான்கு பேர் செய்ய வேண்டியதை மூன்று பேர் செய்கிறார்கள்.