கனடாவில் மாகாண அமைச்சராக இருந்தவர் நீதிபதி ஆக முடியுமா?

முடியும். ஒன்டாரியோ மாகாணத்தின் ராய் மக்மர்ட்ரி அப்படி வந்தவர்தான். வழக்கறிஞர், 1975 முதல் 1985 வரை மாகாணத்தின் அட்டர்னி ஜெனரல், அப்புறம் லண்டனில் கனடாவின் ஹைகமிஷனர், 1996 முதல் 2007 வரை ஒன்டாரியோவின் தலைமை நீதிபதி.

அட்டர்னி ஜெனரல் என்பவர் அங்கே சட்டத்துறை அமைச்சர். அரசின் தலைமைச் சட்ட அதிகாரியும் அவரே. பெரும்பாலும் வழக்கறிஞர்களே அந்தப் பதவிக்கு வருகிறார்கள். உயர் நிலை நீதிபதியாக பத்து ஆண்டு வழக்கறிஞர் தகுதி வேண்டும். அரசியலில் இருந்தது தடையில்லை. ஒரு அணிக்காக ஆடியவர் ஓய்வுபெற்று கிரிக்கெட் அம்பயர் ஆவது போலத்தான். ஆட்டம் அத்துப்படி, ஆனால் இனி அவருக்கு அணி கிடையாது.

மக்மர்ட்ரி அப்படியே நடந்துகொண்டார் என்பது என் கருத்து. அவர் அமைச்சராக இருந்த 1981 நவம்பரில், அரசியல் சட்டம் குறித்து கூட்டாட்சி அரசும் மாகாணங்களும் நடத்திய பேச்சுவார்த்தை முட்டி நின்றபோது, ஒட்டாவா மாநாட்டு மையத்தின் சமையலறையில் கூட்டாட்சி நீதி அமைச்சர் ஜான் கிரெத்தியெனும் சஸ்காட்செவன் மாகாண அட்டர்னி ஜெனரல் ராய் ரோமனோவும் இவரும் கூடிப் பேசித்தான் சமரசத்துக்கு வழி பிறந்தது. அதிலிருந்து உருவான உரிமைச் சாசனத்தை வைத்தே, 2003 ஜூனில் இவர் தலைமையிலான அமர்வு ஒரே பாலினத்தவர் திருமணத்தை உடனே அனுமதித்தது. கனடாவிலேயே முதல் மாகாணம் ஒன்டாரியோ.

மாகாணத் தலைமை நீதிபதியை மாகாண அரசு நியமிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். நியமிப்பது கூட்டாட்சி அரசு. கன்சர்வேடிவ் கட்சிக்காரரான இவரைத் தலைமை நீதிபதி ஆக்கியது, அப்போது பிரதமராகியிருந்த கிரெத்தியெனின் லிபரல் அரசு.