இரண்டு விரல் நீளம்: சன்ஸ்கிரீன் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதி சித்திரை வெயிலைத் திட்டுகின்றன. நியாயம்தான். திருநெல்வேலி இருப்பது ஏறக்குறைய 9 டிகிரி வடக்கில். சித்திரைப் பிறப்பையொட்டி ஒருமுறை, ஆவணி நடுவில் ஒருமுறை, நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். ஆவணி வெயிலைத் திட்டி மட்டும் யாரும் எழுதுவதில்லை.

எஸ்.பி.எஃப். 50 பூசியும் முகம் கருக்கிறது. 30 கிராம் ட்யூப் வாங்கி நான்கு மாதம் ஆகிறது, இன்னும் பாதி இருக்கிறது. போலிச் சரக்கா?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

போலி அல்ல, சிக்கனம். முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கிய அளவு வேண்டும். ஒரு கிராமுக்குக் குறையாது. தினம் ஒருமுறை பூசினாலே ட்யூப் ஒரு மாதத்தில் தீர்ந்திருக்க வேண்டும். அட்டையில் உள்ள எஸ்.பி.எஃப். 50, அதாவது வெயில் தடுப்பு எண், அந்தக் கனத்தில் பூசிச் சோதித்தது. பொட்டு வைப்பதுபோலத் தொட்டுக்கொண்டால் அதில் கால்வாசிகூட மிஞ்சாது. தோலைச் சுடும் கதிரை 30 சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 சுமார் 98. எண்ணுக்குக் கொடுக்கும் கூடுதல் காசில் பெரிய ட்யூப் வாங்குங்கள்.

தினமும் வள்ளியூரிலிருந்து நெல்லைக்கு பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். ஜன்னல் கண்ணாடி மூடியிருந்தாலும் பூச வேண்டுமா?
– வாசகர், வள்ளியூர்

வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிர்களில், தோலைச் சுடுகிற யு.வி.பி. கதிரைத்தான் கண்ணாடி பெரும்பாலும் நிறுத்தும். ஆழமாக இறங்கி, தோலைத் தாங்கிப் பிடிக்கும் புரதமான கொலாஜனைச் சிதைத்து, சுருக்கம் விழவைக்கிற யு.வி.ஏ. உள்ளே வந்துவிடும். 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய ஒருவரின் படம் 2012இல் ஒரு மருத்துவ இதழில் வெளியானது. ஜன்னலோர இடக்கன்னம் வலக்கன்னத்துக்குத் தகப்பன்போல இருக்கும். இன்னொன்று: காலையில் வடக்கே வரும்போது உங்களுக்கு வெயில் வலப்பக்கம், மாலையில் தெற்கே திரும்பும்போதும் வலப்பக்கம்தான். இடப்பக்க இருக்கையைப் பிடியுங்கள்.

குற்றாலத்தில் சாரல் காலம். வெயிலே இல்லையே, பூச வேண்டுமா?
– வாசகி, தென்காசி

வேண்டும். மெல்லிய மேகம் சூட்டைத்தான் குறைக்கும். அருவியில் குளித்துத் துவட்டியதும் மறுபடி இரண்டு விரல்.

மங்குக்காக மருந்துக் கடையில் கொடுத்த க்ரீமை இரண்டு வருடமாகப் பூசுகிறேன். முதலில் பளிச்சென்று வெளுத்தது. இப்போது வெயில் பட்டால் எரிகிறது, கன்னத்தில் சிவப்பு நரம்பு தெரிகிறது. எந்த சன்ஸ்கிரீன் நல்லது?
– வாசகி, பாளையங்கோட்டை

அம்மா, சன்ஸ்கிரீன் பிறகு. க்ரீமின் பெயரை நீங்கள் எழுதவில்லை. எழுதாமலே ஊகிக்க முடிகிறது. நிறத்தை வெளுக்கவைக்கும் ஹைட்ரோகுயினோன், மேல்தோலைப் புதுப்பிக்கும் ட்ரெட்டினோயின், கூடவே அழற்சியைத் தணிக்கும் ஒரு ஸ்டீராய்டு. மூன்றையும் கலந்த இந்த க்ரீமை மங்குக்குத் தோல் மருத்துவர்களான நாங்களும் எழுதுவதுண்டு: சில வாரங்களுக்கு, இரவில் மட்டும், கண்காணிப்போடு. வருடக்கணக்கில் பூசினால் ஸ்டீராய்டு தோலை மெலியவைக்கும். நரம்பு தெரியும், பரு வரும், பெண்களுக்கு முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் இருமடங்காகச் சிவக்கும், அதற்குப் பயந்து மறுபடி பூசுவார்கள். இளமைக்காகப் பூசியது தோலைக் கிழடாக்கிவிடும். 2018இலேயே ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டம் இறுக்கப்பட்டது. ஆனாலும் ஒரு கடையில் நான் நின்றிருக்கும்போதே, சன்ஸ்கிரீன் கேட்டு வந்த கல்லூரிப் பெண்ணிடம் "அதைவிட இது நல்லா வெளுக்கும்" என்று இதே வகை ட்யூபை நீட்டினார்கள். சண்டை போட்டேன். எனக்குத் தலைவலி மாத்திரை தராமல் அனுப்பிவிட்டார்கள்.

நீங்களாகத் திடீரென நிறுத்தவும் வேண்டாம், மருத்துவரைக் கேட்காமல் இப்படியே தொடரவும் வேண்டாம். ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள். அதுவரை குடை. அவர் சம்மதித்தபின் துத்தநாக ஆக்சைடு உள்ள, இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் பூசலாம். மாநிறத் தோலில் கண்ணுக்குத் தெரியும் ஒளிகூட மங்கைக் கருக்க வைக்கும், வெள்ளை க்ரீம்கள் அதைத் தடுப்பதில்லை. அளவு? இரண்டு விரல்.

எனக்கு 48 வயது. இனிமேல் பூசி என்ன பயன்?
– வாசகி, பணகுடி

ஆஸ்திரேலியாவின் நம்பூரில் 55 வயதுக்குட்பட்ட சுமார் 900 பேரை நாலரை வருடம் கவனித்தார்கள். தினமும் பூசியவர்களிடம் தோல் முதிர்ச்சி 24 சதவீதம் குறைவு. நடுவயதினருக்கும் பலன் தெரிந்தது. இன்றே தொடங்குங்கள்.

சன்ஸ்கிரீன் பூசினால் வைட்டமின் டி குறையாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்பாசமுத்திரம்

நம்மவர்கள் பூசுகிற அளவுக்கு அந்தக் கவலையே வேண்டாம் ஐயா.

நல்ல சன்ஸ்கிரீன் பெயர் சொல்லவும். அவசரம்.
– பெயர், ஊர் இல்லை

வயது இல்லை, எண்ணெய்ப்பசை முகமா வறண்டதா என்பதும் இல்லை. அவசரம் மட்டும் இருக்கிறது. எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல், யு.வி.ஏ. தடுப்பைக் காட்டும் பி.ஏ. குறியில் மூன்று பிளஸ்ஸாவது பார்த்து வாங்குங்கள். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசுங்கள். ட்யூபை ஸ்கூட்டர் பெட்டியில் போட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள், சூட்டில் கெட்டுப்போகும்.