சமூக ஊடக நிறுவனத்தின் பங்கு மதிப்பு அதன் விளம்பர வருவாய்க்குப் பொருந்துகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மொத்தப் பங்கு மதிப்பு விளம்பர வருவாயைப் போல எத்தனை மடங்கு என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். வந்த பணத்தில் கையில் எவ்வளவு நிற்கிறது என்பதுதான் முக்கியம். ஃபேஸ்புக்கையும் ஸ்னாப்சாட்டை நடத்தும் ஸ்னாப் நிறுவனத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

2012 மே மாத ஐபிஓவில் (பொதுமக்களுக்கு முதன்முறையாகப் பங்கு விற்றபோது) ஃபேஸ்புக் பங்கு 38 டாலர்; மொத்த மதிப்பு சுமார் 10,400 கோடி டாலர். 2011இல் அதன் வருவாய் 371 கோடி டாலர். அதில் விளம்பரம் 315 கோடி. ஆக, விலை விளம்பர வருவாயைப் போல 33 மடங்கு. மக்கள் செல்போனுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள், அங்கே விளம்பரமோ அப்போதுதான் தொடங்கியிருந்தது. செப்டம்பரில் பங்கு 18 டாலருக்கும் கீழே இறங்கியது.

இந்த விலை நியாயமா என்பதைத் தலைகீழாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 10% லாபம் வேண்டுமென்றால், 10,400 கோடி ஐந்து ஆண்டில் 16,750 கோடி ஆக வேண்டும். அப்போது சந்தை 25 பிஇ, அதாவது ஆண்டு நிகர லாபத்தைப் போல 25 மடங்கு விலை, கொடுக்கும் என்று வைத்தால் நிகர லாபம் 670 கோடி தேவை. 100 டாலர் வருவாயில் 25 டாலர் மிஞ்சும் என்று எடுத்துக்கொண்டால் வருவாய் 2,680 கோடி. அதாவது ஆண்டுக்கு ஏறக்குறைய 48% வளர்ச்சி. 2016இல் உண்மையில் வந்தது 2,760 கோடி வருவாய், 1,020 கோடி நிகர லாபம். செல்போன் விளம்பரம் கைகொடுத்ததால் பைத்தியக்கார விலை என்று பலர் சொன்னது சரியான விலையாகவே முடிந்தது.

ஸ்னாப் 2017 மார்ச்சில் 17 டாலருக்கு வந்தது. மதிப்பு சுமார் 2,400 கோடி டாலர், 2016 வருவாய் 40 கோடி, கிட்டத்தட்ட முழுவதும் விளம்பரம். 60 மடங்கு! அதைவிட மோசம், அந்த 40 கோடியை ஈட்ட ஆன நேரடிச் செலவே 45 கோடி. சர்வர் வாடகை அதில் பெரும்பங்கு. ஒவ்வொரு புகைப்படமும் வீடியோவும் அடுத்தவர் கிளவுடில் ஓடியது. மேலே போட்ட அதே கணக்கில் ஸ்னாப்புக்கு 620 கோடி வருவாய் தேவை. 2021இல் 412 கோடி வந்தது. பத்து மடங்கு வளர்ச்சி, ஐந்து ஆண்டில் ஃபேஸ்புக் கண்டதைவிட அதிகம். ஆனாலும் நட்டம்தான். 2022 முடிவில் பங்கு 10 டாலருக்கும் கீழே.

பலர் சறுக்குவது ஊழியர்களுக்குப் பங்காகக் கொடுக்கும் சம்பளத்தில். 2022இல் ஸ்னாப் கையில் 5.5 கோடி டாலர் ரொக்கம் மிஞ்சியதாகக் காட்டியது. அதே ஆண்டு பங்காகக் கொடுத்தது 130 கோடிக்கு மேல். இதைக் கழிக்காமல் பார்த்தால் நல்ல கம்பெனி போலத் தெரியும். மதிப்பைக் கணக்கிடும்போதும் வெளியிட்ட பங்குகளோடு நிறுத்தாமல், ஊழியர்களுக்கு வரவேண்டிய பங்குகளையும் சேர்த்துப் பங்கு விலையால் பெருக்குங்கள்.

பயனர் எண்ணிக்கையை ஒரே மொத்தமாக எடுக்காதீர்கள். 2023 கடைசிக் காலாண்டில் ஃபேஸ்புக்குக்கு அமெரிக்கா, கனடாவில் ஒரு பயனரால் கிடைத்தது 68.44 டாலர், ஆசிய-பசிபிக் பகுதியில் 5.52 டாலர். இந்தியாவில் பத்துப் பேர் புதிதாகச் சேர்ந்தாலும் அமெரிக்காவில் ஒருவர் போனதை ஈடுகட்டத் திணறும்.

அடுத்து மெட்டா; ஃபேஸ்புக் நிறுவனத்தின் புதிய பெயர் அது. 2024இல் விளம்பரம் 16,060 கோடி டாலர், நிகர லாபம் 6,240 கோடி. ஆண்டு முடிவில் சந்தை மதிப்பு விளம்பர வருவாயைப் போல சுமார் 9 மடங்கு, லாபத்தைப் போல 24 மடங்கு. அப்போதைய விலை பொருந்தியது என்றே சொல்வேன். ஆனால் அதே ஆண்டில் சர்வர், தரவு மையம் போன்றவற்றுக்கு 3,900 கோடிக்கு மேல் போட்டிருக்கிறது. அந்தச் செலவு தேய்மானமாகப் பல ஆண்டுகளில் சிறிது சிறிதாகத்தான் லாபத்தைக் கடிக்கும். அதனால் லாபத்துக்குப் பக்கத்திலேயே இந்த மாதிரி மூலதனச் செலவையும் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த காலாண்டு அறிக்கைகளில் இரண்டையும் ஒப்பிட்டு வாருங்கள்.