நாலு வந்துச்சு, அப்புறம் ஒண்ணுமே இல்ல

சார், வணக்கம். ஜப்பான்ல கோட்டோனு ஒரு எக்ஸ்பெரிமெண்ட். 2019ல கேயான்ங்கற துகளோட ரொம்ப அபூர்வமான சிதைவு நாலு மாட்டிருக்குன்னு ஒரே பரபரப்பு, அப்புறம் அது இல்லன்னாங்க. புது டேட்டாலயும் ஒண்ணுகூட கிடைக்கலையாம். இதுக்கா இத்தனை வருஷம்?
- ஒரு வாசகர்

வணக்கம். அந்த நாலு எப்படிக் கரைஞ்சுதுங்கறதுதான் இந்தக் கதையிலயே எனக்குப் பிடிச்ச இடம், அதையே சொல்றேன்.

அவங்க தேடறது, நீண்ட ஆயுள் நியூட்ரல் (சார்ஜ் இல்லாத) கேயான், பை-ஸீரோங்கற ஒரு துகளாவும் நியூட்ரினோ ஜோடியாவும் உடையறதை. துகளையும் எதிர்த்துகளோட கண்ணாடி பிம்பத்தையும் இயற்கை ஒரே மாதிரி நடத்தும்ங்கற சிபி சமச்சீர் கறாரா இருந்தா இது நடக்கவே கூடாது, ஆனா அது லேசா மீறப்படுதுன்னு 1964லயே க்ரோனின், ஃபிட்ச்ங்கற விஞ்ஞானிகளோட குழு அமெரிக்காவோட ப்ரூக்ஹேவன் ஆய்வகத்துல காட்டிட்டாங்க, அதனால ஸ்டாண்டர்ட் மாடல்ங்கற இப்போதைய துகள் கோட்பாட்டுக் கணக்குல பத்தாயிரம் கோடி கேயானுக்கு சுமார் மூணு இப்படி உடையணும்.

கஷ்டம் எங்கன்னா, கேயானுக்கு சார்ஜ் இல்ல, நியூட்ரினோ டிடெக்டர்ல சிக்காது, பை-ஸீரோ உடனே ரெண்டு போட்டானா (ஒளித்துகளா) மாறிடும். ஆக அந்த ரெண்டு போட்டானும், கூட வேற எதுவுமே வரலங்கற உறுதியும்தான் மொத்த ஆதாரமே. போட்டானைப் பிடிக்க 2716 சீசியம் அயோடைடு கிரிஸ்டல் போதும், அந்த "எதுவுமே வரல"க்குத்தான் சுத்தி அத்தனை டிடெக்டர்.

சிக்னல் வரக்கூடிய பகுதியை மூடி வச்சுட்டுத்தான் அனாலிசிஸ் பண்ணுவாங்க, எதை எடுக்கறது, எதை ஒதுக்கறதுங்கற விதியை ஆசைக்கு ஏத்த மாதிரி போட்டுடக் கூடாதுன்னு. 2016லேர்ந்து 18 வரைக்குமான டேட்டாவைத் திறந்தா நாலு! அந்த டேட்டாவுக்கு ஸ்டாண்டர்ட் மாடல்படி ஒண்ணு வர்றதே அதிகம், அதனால புதுத் துகள்னு தியரிக்காரங்க பேப்பரா எழுதித் தள்ளினாங்க (அவங்க எதுக்குமே காத்திருக்க மாட்டாங்க). மறுபடி செக் பண்ணதுல ஒண்ணு கழண்டுடுச்சு. மிச்ச மூணுக்காக, டிடெக்டருக்குள்ள பாயற துகள் கத்தையான பீமை நோண்டினா, நியூட்ரல்னு நம்பின பீம்ல சார்ஜ் உள்ள கேயானும் கொஞ்சம் கலந்து வந்திருக்கு. அது பை-ஸீரோ, எலக்ட்ரான், நியூட்ரினோன்னு உடைஞ்சு, எலக்ட்ரான் மட்டும் கண்ணுல மண்ணைத் தூவிட்டா மிஞ்சறது அதே ரெண்டு போட்டான்தான். இதையும் பீம் ஓரத்துக் கேயான்களையும் சேர்த்தா பேக்ரவுண்ட், அதாவது சிக்னல் மாதிரியே வேஷம் போடற போலிகளோட எதிர்பார்ப்பு எண்ணிக்கை, மட்டுமே 1.22னு வந்துச்சு, அதுக்கு மேல மூணைப் பாத்துட்டு கண்டுபிடிப்புன்னு யாரும் சொல்ல முடியாது.

அதுக்கப்புறம் பீம் பாதையிலயே சார்ஜ் துகளைக் காட்டிக் குடுக்க ஒரு மெல்லிசான டிடெக்டரை வச்சாங்க. 2021 டேட்டால பேக்ரவுண்ட் சுமார் 0.25, கிடைச்சது பூஜ்யம். நீங்க வெறுங்கைன்னு நினைக்கறது இதைத்தான், ஆனா அதோட அர்த்தம், இந்தச் சிதைவு நூறு கோடிக்கு 2.2க்கு மேல இருக்க வாய்ப்பு கம்மின்னு 90 சதவீத நம்பிக்கையோட சொல்ல முடியுது.

ஆனா ஸ்டாண்டர்ட் மாடல் சொல்றது இன்னும் எழுபது மடங்கு கீழ இருக்கு, அது வரைக்கும் போக இப்ப இருக்கற டிடெக்டர் பத்தாது. கோட்டோ-2னு பெருசா ஒண்ணு கட்ட திட்டம் போட்டிருக்காங்க.