ஆர்குளோன்ல கூகுள் டிரைவ் செட் பண்றது: சிங்க் கொடுக்கும் முன்னாடி

கேள்வி: போட்டோ ஸ்டுடியோ வெச்சிருக்கேன், உபுண்டு மெஷின். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல இருக்கிற கல்யாண போட்டோ எல்லாம் தினமும் ராத்திரி தானா கூகுள் டிரைவுக்கு ஏறணும். ஆர்குளோன் (கமாண்ட் கொடுத்து பைல கிளவுட்டுக்கு ஏத்துற சாஃப்ட்வேர்) போடச் சொல்றாங்க, எப்படி செட் பண்றது? சிங்க் கொடுத்தா பைல் அழிஞ்சிடும்னு ஒருத்தர் சொல்றாரு, நெசமா?

நெசந்தாங்க. லினக்ஸுக்கு கூகுள் தன்னோட டிரைவ் ஆப் எதுவும் விடல, அதனால ஆர்குளோன் நல்ல முடிவுதான், ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது. ஆனா உபுண்டுவோட சொந்த சாஃப்ட்வேர் லிஸ்ட்ல (ரெப்போ) இருக்கிறது பழைய வெர்ஷனா இருக்கும், அவங்க சைட்ல இருந்தே இன்ஸ்டால் பண்ணுங்க.

டெர்மினல்ல 'ஆர்குளோன் கான்ஃபிக்'னு கொடுத்தா கேள்வி கேள்வியா கேக்கும். நியூ ரிமோட் (புது கிளவுட் இணைப்பு), பேரு (ஜிடிரைவ்னு வெச்சுக்கலாம்), ஸ்டோரேஜ் வகை டிரைவ். அடுத்து கிளையன்ட் ஐடி கேக்கும், கூகுள்கிட்ட ஆர்குளோன் தன்னைக் காட்டிக்கிற அடையாளம் அது. காலியா விட்டா எல்லாரும் பங்கு போடுற பொது ஐடில போகும், ஸ்லோ ஆகும், அதனால கூகுள் கிளவுட் கன்சோல்ல டிரைவ் ஏபிஐய ஆன் பண்ணி டெஸ்க்டாப் ஆப்னு சொந்தமா ஒண்ணு எடுத்துக்கங்க. எடுத்துட்டு அத டெஸ்டிங்லயே விட்டுடாதீங்க, ப்ரொடக்‌ஷனுக்கு மாத்தணும், இல்லன்னா 7 நாள்ல டோக்கன் (லாகின் அனுமதி) செத்துப்போய் ராத்திரி வேலை சத்தமில்லாம நின்னுடும். அந்த ஐடியையும் அதோட சீக்ரெட்டையும் கொடுத்துட்டு, மத்ததுக்கெல்லாம் என்டர் தட்டினா பிரவுசர் திறக்கும், லாகின் பண்ணி அலோ கொடுத்தா முடிஞ்சது.

இப்ப உங்க பயத்துக்கு வர்றேன். காப்பி கொடுத்தா புதுசையும் மாறினதையும் மட்டும் ஏத்தும், அந்தப் பக்கம் எதையும் அழிக்காது. சிங்க் அப்படி இல்ல, ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும்னு இந்தப் பக்கம் இல்லாத பைல அந்தப் பக்கம் டெலீட் பண்ணிடும். இதுல ரொம்ப ஆபத்தானது எதுன்னா, ஆர்குளோன் போல்டர ஏத்தாது, போல்டருக்குள்ள இருக்கிறத ஏத்தும், அதனால போட்டோ போல்டர 'ஜிடிரைவ்:'னு வெறுமனே சிங்க் பண்ணீங்கன்னா மொத்த டிரைவையும் அந்த போல்டர் மாதிரியே ஆக்கப் பாக்கும், டிரைவ்ல வேற என்ன வெச்சிருந்தாலும் டிராஷுக்குப் போயிடும் (டிராஷ்ல 30 நாள் இருக்கும், அதுவரைக்கும் மீட்கலாம்). முக்காப்புள்ளிக்கு அப்புறம் ஒரு போல்டர் பேரு கண்டிப்பா வேணும். அந்த முக்காப்புள்ளியவே விட்டுட்டா உங்க மெஷின்லயே ஜிடிரைவ்னு ஒரு போல்டர் போட்டு அதுக்குள்ள காப்பி பண்ணிட்டு இருக்கும், எர்ரரே வராது, நீங்க கிளவுட்ல ஏறிடுச்சுன்னு நம்பிட்டு இருப்பீங்க.

இன்னொண்ணு, ஹார்ட் டிஸ்க்க எஃப்எஸ்டேப்ல (எந்த டிஸ்க் எந்த போல்டர்ல தெரியணும்னு லினக்ஸ் பாக்குற பைல்) எழுதி ஒரே போல்டர்ல மவுண்ட் பண்றீங்கன்னா, ஒரு நாள் கேபிள் கழண்டாலும் அந்த போல்டர் காலியா அங்கயே இருக்கும், சிங்க் அதப் பாத்துட்டு இங்க ஒண்ணுமில்லன்னு டிரைவ்ல இருக்கிறத அழிக்க ஆரம்பிச்சிடும்.

அதனால என் கருத்து, உங்களுக்கு சிங்க் தேவையே இல்ல, காப்பி போதும். கஸ்டமர் அடுத்த வருஷம் வந்து ஆல்பம் கேப்பாங்க, நீங்க லோக்கல்ல இடம் பத்தலன்னு அழிச்சிருப்பீங்க, அப்ப டிரைவ்ல இருக்கணும்ல. இல்ல சிங்க்தான் வேணும்னா முதல்ல ட்ரை-ரன் ஆப்ஷனோட ஒத்திகை போட்டுப் பாருங்க, எதையும் தொடாம 'ஸ்கிப்டு டெலீட்'னு எதெல்லாம் அழியும்னு வரிவரியா காட்டும், அந்த லிஸ்ட்ட முழுசா படிங்க. கூடவே மேக்ஸ்-டெலீட் ஆப்ஷன்ல ஒரு சின்ன நம்பர் கொடுத்தா அதுக்கு மேல அழிக்காம நின்னுடும்.

கமாண்ட் கையால சரியா ஓடினப்புறம் கிரான்ல (சொன்ன நேரத்துக்கு தானா கமாண்ட் ஓட்டுறது) ராத்திரி 2 மணிக்கு வைங்க, லாக்-பைல் ஆப்ஷனோட. சின்னச் சின்ன பைலா நிறைய இருந்தா டிரைவ் செகண்டுக்கு ஒரு ரெண்டு பைல்தான் வாங்கும், பொறுமையா விடுங்க. மாசம் ஒரு தடவ 'ஆர்குளோன் செக்' கமாண்ட ஒன்-வே ஆப்ஷனோட கொடுத்துப் பாருங்க, லோக்கல்ல இருக்கிறது எது டிரைவ்ல இல்ல, எது வேற மாதிரி இருக்குன்னு பேரோட சொல்லிடும்.