மேஸ்திரி போனுக்குப் போன ரிசல்ட்

கேள்வி: என் கணவர் ஒடிசாக்காரர், கட்டட வேலை. 2021 மே மாதம் கொரோனா பாசிட்டிவ் வந்த ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். ‘இந்திக்காரன்தானே’ என்று வராந்தாவிலேயே போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி பேப்பரில் மாரடைப்பு என்று இருந்ததால் நிவாரணம் கேட்கவில்லை. இனி கேட்கலாமா? மாமியாரும் பங்கு கேட்கிறார்.
- வாசகி, ஆரல்வாய்மொழி

பதில்: சகோதரி, வராந்தாவில் கிடத்தியது பெரிய கொடுமை. ஆனால் கொரோனா இறப்புக்கான ரூ.50,000 கருணைத்தொகை மனுவில் அதை எழுத வேண்டாம். ‘மாரடைப்பு’ என்பதும் தடையில்லை. அதைக் காட்டி மட்டும் மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. பாசிட்டிவ் வந்து 30 நாளுக்குள் இறந்தாரா என்பதுதான் கேள்வி.

மனு போட உச்ச நீதிமன்றத்தின் 2022 மார்ச் 24 உத்தரவு தந்த 60 நாள் கெடு போய்விட்டது. கடும் சிரமத்தால் தவறவிட்டவர்கள் மாவட்டக் குறைதீர்க்கும் குழுவிடம் போகலாம் என்றும் அதே உத்தரவு சொல்கிறது. கிடைத்தே தீரும் என்று சொல்ல மாட்டேன். ஏன் தாமதம் என்பதை உள்ளது உள்ளபடி எழுதுங்கள்.

என் பயம் டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பற்றித்தான். வெளிமாநிலத் தொழிலாளிகளுக்குச் சளி மாதிரி எடுத்தபோது பத்துப் பேருக்கும் மேஸ்திரி நம்பரையே கொடுத்தார்கள். ரிசல்ட்டும் அவர் போனுக்கே போனது. பெயரைக் காதில் விழுந்தபடி எழுதினார்கள். என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில், ஆதாரில் ‘ஜெகன்னாத்’, ரிப்போர்ட்டில் ‘ஜெகநாதன்’. வயதும் நாலு கூட. ஒரு புரோக்கர் ‘சரிபண்ணி’ புது ரிப்போர்ட் அடித்துக் கொடுத்துவிட்டார். கொரோனாவில் போன உயிர்தான், ஆனால் தாள் பொய்யாகிவிட்டது. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 52-வது பிரிவில் பொய்க் கோரிக்கைக்கு இரண்டு ஆண்டு வரை சிறை. மனுவைத் திரும்பப் பெறச் சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

ரிப்போர்ட்டில் பெயர் தப்பாக இருந்தால் திருத்தாமல் அப்படியே கொடுங்கள். மேஸ்திரியைப் பிடித்து எஸ்.ஆர்.எஃப். எண்ணை (சளி மாதிரி எடுத்தபோது பதிந்த படிவத்தின் எண்) வாங்குங்கள். அந்த போன் நம்பர் தன்னுடையது என்று அவரே பிரமாணப் பத்திரம் தரட்டும். ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டைத் தராவிட்டால் குழுவே வரவழைக்கலாம்.

மாமியாரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். மகனைப் பறிகொடுத்த அவரும் வாரிசுதான். அவர் ஆட்சேபித்தால் விஷயம் சிவில் கோர்ட்டுக்குப் போகும். ஐம்பதாயிரம் செலவுக்கே காணாது. ஆளுக்குப் பாதி என்று இன்றே போனில் பேசி முடியுங்கள். சம்மதக் கடிதத்தை ஒடியாவில் எழுதி, அங்கேயே நோட்டரி முன் கைநாட்டு வைத்து அனுப்பச் சொல்லுங்கள்; தமிழ் மொழிபெயர்ப்பை இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.