உப்பிய பேட்டரியை ஊசியால் குத்தலாமா?

கேள்வி: மறைந்த என் அம்மா பயன்படுத்திய போனை அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தேன். அதில் அவருடைய குரல் பதிவுகளும் படங்களும் இருக்கின்றன. இப்போது எடுத்துப் பார்த்தால் பின்மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. ஊசியால் குத்திக் காற்றை எடுத்துவிட்டால் பேட்டரி தட்டையாகிவிடும் என்று ஒரு கடையில் சொல்கிறார்கள். குத்தலாமா? அல்லது கொஞ்ச நேரம் சார்ஜ் போட்டு, படங்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா? – ஒரு வாசகி, மதுரை.

பதில்: இரண்டையுமே செய்யாதீர்கள், அம்மா. ஆனால் கவலையும் வேண்டாம். படங்களும் குரல் பதிவுகளும் பேட்டரியில் இல்லை. போனின் மதர்போர்டில் உள்ள நினைவகச் சில்லில் இருக்கின்றன. பேட்டரியைக் கழற்றி எறிந்தாலும் அவை அழியாது. அவற்றை எடுக்க நல்ல வழி ஒன்று உண்டு. அதற்கு முன், ஊசி ஏன் கூடாது என்பதைச் சொல்லியாக வேண்டும். அந்த யோசனை பல ஊர்களில் பல கடைகளில் சொல்லப்படுகிறது. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது.

போன் பேட்டரி என்பது மெல்லிய அலுமினிய உறைக்குள் அடைத்த ஒரு மடிப்புக் கட்டு. ஒரு பக்கம் செப்புத் தகடு, மறுபக்கம் அலுமினியத் தகடு, இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம். அந்தப் படலத்தின் தடிமன் பெரும்பாலும் 25 மைக்ரானுக்கும் குறைவு, அதாவது தலைமுடியைவிட மெல்லியது. இவற்றை நனைத்திருக்கும் திரவம் எளிதில் தீப்பற்றும் கரைப்பான். வயதாகும்போதும், சூட்டில் கிடக்கும்போதும், மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் இருக்கும்போதும் அந்தத் திரவம் சிதைந்து கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், எத்திலீன் போன்ற வாயுக்களாக மாறுகிறது. உறையை உப்பவைப்பது அவைதான். குத்தினால் வெளியே வருவது வெறும் காற்று அல்ல, எரியக்கூடிய வாயு. உள்ளே போகும் ஊசியோ அந்தப் படலத்தைக் கிழித்து இரண்டு தகடுகளையும் இணைத்துவிடலாம். மிச்சச் சார்ஜ் இருந்தால் அந்தப் புள்ளியில் சில நொடிகளில் சூடு ஏறி, பேட்டரி தானாகவே எரியத் தொடங்கும். அப்படி எதுவும் நடக்காமல் தட்டையாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஓட்டை வழியாக ஈரக்காற்று புகும். திரவத்தில் உள்ள லித்தியம் உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃபுளூரைடு என்ற நச்சு வாயு உண்டாகும். உப்பல் மறைந்ததால் நோய் தீர்ந்துவிடவில்லை. கண்ணுக்குத் தெரிந்த ஒரே எச்சரிக்கைதான் மறைந்தது.

கையால் அழுத்தி மூடியைப் பூட்ட முயல்வதும் இதே ஆபத்துதான். 2016ஆம் ஆண்டில் சாம்சங் நிறுவனம் கேலக்ஸி நோட் 7 போன்களை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது நினைவிருக்கலாம். ஒரு தொகுதி பேட்டரிகளில் மேல் மூலையில் உள் தகடு வளைந்திருந்ததே தீக்குக் காரணம் என்று பிறகு கண்டறியப்பட்டது. புத்தம்புதிய பேட்டரிக்கே அந்தச் சிறு வளைவு போதுமானதாக இருந்தது.

சார்ஜ் ஏன் போடக் கூடாது? லித்தியம் பேட்டரி நெடுநாள் காலியாகக் கிடந்து, அதன் மின்னழுத்தம் மிகவும் இறங்கிவிட்டால், உள்ளே உள்ள செப்புத் தகடே கரையத் தொடங்குகிறது. மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு கண்ட இடத்தில் படிந்து, இரண்டு பக்கத்துக்கும் பாலம் போட்டுவிடலாம். செத்த பேட்டரிக்கு வெளியிலிருந்து 'பூஸ்ட்' கொடுத்து எழுப்புகிறோம் என்று யாராவது சொன்னால், அதையும் இதே காரணத்துக்காக மறுத்துவிடுங்கள்.

இன்று நீங்கள் செய்ய வேண்டியது எளிது. போனை அப்படியே தட்டையாக எடுத்து, உலர்ந்த மணல் போட்ட ஒரு மண்சட்டியில் வையுங்கள். சட்டியை வெயில் படாத பால்கனியிலோ சிமெண்ட் தரையிலோ வையுங்கள். திரைச்சீலை, செய்தித்தாள் கட்டு, கேஸ் சிலிண்டர் எதுவும் அருகில் வேண்டாம். இறுக்கமாக மூடும் டப்பாவும் ஃப்ரிட்ஜும் கூடாது. நகப்பூச்சை அகற்றும் திரவத்தைப் போன்ற இனிப்பான நெடி வந்தால் உறை கசிகிறது என்று பொருள், வெறுங்கையால் தொடாதீர்கள். 'உஸ்' என்ற சத்தமோ புகையோ வந்தால் எடுத்து ஓட நினைக்காமல், எல்லோரும் விலகி, கதவைச் சாத்திக்கொண்டு 101ஐ அழையுங்கள். அந்தப் புகையைச் சுவாசிக்கக் கூடாது. லித்தியம் என்றாலே தண்ணீர் ஊற்றக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். போன் அளவுள்ள லித்தியம் அயான் பேட்டரிக்கு, சார்ஜரில் இணைக்கப்படாமல் இருந்தால், புகை எட்டாத தூரத்தில் நிற்க முடிந்தால் மட்டும், நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பதுதான் சரி.

இனி படங்களுக்கு வருவோம். கொஞ்சம் தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் போனைக் கொண்டுபோங்கள். அவர் மேசையில் டிசி பவர் சப்ளை என்ற சிறு பெட்டி இருக்கும். உப்பிய பேட்டரியைக் கழற்றிவிட்டு, அந்தப் பெட்டியிலிருந்து சுமார் 4 வோல்ட் கொடுத்துப் பல போன்களை நேரடியாக இயக்கிவிடலாம். புதிய பேட்டரியே தேவைப்படாது. இயங்கியதும் அங்கேயே பென் டிரைவிலோ கணினியிலோ நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த முறை உங்கள் மாடலில் பலிக்காவிட்டால் புதிய பேட்டரி போடச் சொல்லுங்கள். பழைய மாடலுக்கு வரும் பேட்டரி கடையிலேயே பல ஆண்டு தூங்கியதாக இருக்கக்கூடும். தயாரிப்புத் தேதியையும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையையும் பார்த்து வாங்குங்கள்.

கழற்றும் விதத்தையும் கூடவே நின்று கவனியுங்கள். பேட்டரி பசையால் ஒட்டியிருக்கும். ஸ்க்ரூடிரைவரைச் செருகி நெம்புபவரிடம் உங்கள் போனைத் தராதீர்கள். நல்ல கைக்காரர் ஓரத்தில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் சில சொட்டு விட்டு, பசை இளகும்வரை பொறுத்திருந்து, பிளாஸ்டிக் அட்டையால் மெல்லத் தள்ளுவார். சாஃப்ட்வேரில் கைவைக்க வேண்டாம், ரீசெட் செய்ய வேண்டாம் என்றும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

போகும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. அணைந்து எழும் போன் முதலில் கைரேகையை ஏற்காது. பின் (PIN) எண்ணோ பேட்டர்னோதான் கேட்கும். அம்மா என்ன எண் வைத்திருந்தார் என்று வீட்டில் எல்லோரிடமும் விசாரித்து வையுங்கள். ஊகித்து ஊகித்துப் போட்டுப் பார்க்காதீர்கள். தவறும் ஒவ்வொரு முறையும் காத்திருப்பு நேரம் நீளும். சில போன்கள் தரவையே அழித்துவிடும்படி அமைக்கப்பட்டிருக்கும்.

அலமாரியைத் திறந்தது திறந்துவிட்டீர்கள்; மற்றவற்றையும் பார்த்துவிடுங்கள். பழைய கேமரா, புளூடூத் ஸ்பீக்கர், பவர் பேங்க், பிள்ளைகளின் விளையாட்டுக் கருவி போன்றவற்றுக்குள்ளும் பெரும்பாலும் இதே வகை பேட்டரிதான். கழற்றக்கூடிய பேட்டரியை மேசையில் வைத்து விரலால் சுண்டுங்கள். வயிறு தள்ளியிருந்தால் சுழலும். தட்டையாக இருந்தால் நகர்ந்து நின்றுவிடும். கழற்ற முடியாதவற்றில் திரையின் ஓரம் எழும்பியிருக்கிறதா, பொத்தான் அமுங்க மறுக்கிறதா என்று பாருங்கள். நன்றாக இருப்பவற்றைப் பாதிச் சார்ஜில் அணைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, குறைந்திருந்தால் மீண்டும் பாதிக்கு ஏற்றி வைத்தால் போதும். முழுச் சார்ஜில் வைப்பதும் கெடுதல், காலியாக வைப்பதும் கெடுதல்.

கழற்றிய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். குப்பை லாரி நசுக்கும்போது தீப்பிடிக்கும். பழைய இரும்புக் கடைக்கும் வேண்டாம். அங்கே அதைச் சுத்தியலால் உடைக்கப்போவது பெரும்பாலும் ஒரு சிறுவனாக இருப்பான். பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்கள் மீதே சுமத்தியிருக்கின்றன. எனவே, இணைப்பு முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலோ அங்கீகாரம் பெற்ற மின்கழிவுச் சேகரிப்பு மையத்திலோ நேரில் கொடுங்கள். பேட்டரி உப்பியிருக்கிறது என்பதை வாங்குபவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கூரியரில் அனுப்ப வேண்டாம்.